ஒரு அம்மா, ரெண்டு பை, பதினேழு விஷயம்

ஆபீஸில் டிபன் டப்பாவை என் மேசை மேல் வைக்கும்போதே அவள் கணக்குச் சொல்லிவிடுவாள். "அக்கா, ஆறு இட்லி, ரெண்டு சட்னி, ஒரு ஸ்பூன். ஸ்பூன் திரும்பி வரணும்." டப்பாவைத் திறந்தால் எனக்கே தெரியப்போகிறது. "எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நினைச்சுக்கினியா?" என்று கேட்பேன். "உனக்குத் தெரியும்க்கா. ஆனா வாங்குறவங்களுக்கு எத்தனைன்னு தெரியும்னு நாமளா நினைச்சுக்கக் கூடாது" என்பாள்.

டீக்கடைப் பையனிடம் காலி டம்ளர்களைக் கொடுத்தாலும் அப்படித்தான், ஆட்டோக்காரரிடம் பார்சலைக் கொடுத்தாலும் அப்படித்தான். ஒருமுறை ரேணிகுண்டாவில் ரயில் நெரிசலில் ஒரு பெண் தன் குழந்தையை இவள் கையில் திணித்துவிட்டு ஏற இடம் தேடினாள். பெட்டிக்குள் வந்து சேர்ந்ததும் இவள் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தபடி, "ஒரு குழந்தை, ஒரு குல்லா, ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு எங்கிட்ட வரும்போதே இல்ல" என்றாள். பெட்டியே சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பிளாட்பாரத்தை எட்டிப் பார்த்து, அங்கே கிடந்த இன்னொரு செருப்பை ஒருவரைவிட்டு எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

எதையும் அவள் எண்ணாமல் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை எண்ணாமல் கொடுத்தாள். அப்படிக் கொடுக்கச் சொன்னது நான்.

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மொத்தம் ஏழு பேர். ஆஸ்பத்திரிகளிலும் லாட்ஜுகளிலும் டோக்கன் நம்பரையும் கவுண்டர் நம்பரையும் சிவப்பு எழுத்தில் காட்டும் போர்டுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். போர்டுக்குள் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதுவது நானும் அவளும். நான் திருத்தணியிலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் வந்து போகிறவள், இன்ஜினியரிங் படித்தவள். அவள் நகரி பக்கத்துக் கிராமம், தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். படித்தது பாலிடெக்னிக், அதுவும் பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கில். என்னைவிட மூன்று வயது சின்னவள். வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. இதை அப்போது நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு கவுண்டர் போர்டு மாட்டப் போயிருந்தோம். புரோகிராம் என்னுடையது. மின்சாரம் கொடுத்தால் முதல் நாலு கவுண்டர் மட்டும் எரிகிறது, மீதி எட்டும் இருட்டு. நான் ஒயரைக் குறை சொன்னேன், எலக்ட்ரீஷியனைக் குறை சொன்னேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, நான் எழுதியதை மேலிருந்து கீழே படித்தாள்.

"அக்கா, கவுண்டர் லிஸ்ட்டை இந்த ஃபங்ஷனுக்கு அனுப்பிக்கிற. உள்ள போயி, லிஸ்ட்டு எவ்ளோ பெருசுன்னு கேட்டுக்கிற. வெளிய கேட்டா பன்னெண்டுன்னு சொல்லும். உள்ள கேட்டா நாலுன்னுதான் சொல்லும்."

"ஏன்? அதே லிஸ்ட்டுதானே?"

"அதே லிஸ்ட்டு இல்லக்கா. உள்ள போனது லிஸ்ட்டோட விலாசம். வெளிய அது அரே. வாசலைத் தாண்டிப் போச்சுன்னா பாயிண்டர்."

அரேயும் பாயிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று மூன்று இன்டர்வியூவில் சொல்லி, மூன்றிலும் தேறியவள் நான். அதையே அவளிடமும் சொன்னேன். அவள் வாதாடவில்லை. எங்கள் பையிலிருந்த ஸ்க்ரூ பெட்டியை எடுத்து வைத்தாள். பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே வரிசையாகப் பன்னிரண்டு அறை.

"இது அரே. பன்னெண்டு அறையும் இதுக்குள்ளயே இருக்குது. இதைப் பாத்தா எத்தனைன்னு உனக்குத் தெரியும்." பிறகு ஒரு சீட்டைக் கிழித்து, 'மூன்றாவது ஷெல்ஃப், இடது ஓரம்' என்று எழுதி என் கையில் கொடுத்தாள். "இது பாயிண்டர். பெட்டி இருக்குற இடம் இதுல இருக்குது. போயி எடுத்துக்கலாம். வேணும்னா அடிச்சிட்டு வேற ஷெல்ஃப் பேரை எழுதிக்கலாம். பெட்டியை அப்படி அடிச்சு எழுத முடியாது. இப்ப சீட்டை மட்டும் பாத்து, பெட்டியில எத்தனை அறைன்னு சொல்லு."

நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியாதுல்ல? நீ கேட்டதுக்கு அது சீட்டோட சைஸைச் சொல்லிக்கினு இருக்குது. நம்ம போர்டுல சீட்டு எப்பவும் நாலு அறை அளவுதான். பெட்டியில பன்னெண்டு இருந்தாலும் நாலு, ஆயிரம் இருந்தாலும் நாலு. அதனால அனுப்பும்போதே எத்தனைன்னு சேத்து அனுப்பணும்."

ஆபீஸில் சோதித்துப் பார்க்க எங்களிடம் இருந்தது நாலு கவுண்டர் போர்டு. நாலும் எரிந்தது, சரியாக இருக்கிறது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவள் ஒரே ஒரு வரியில் எண்ணிக்கையைச் சேர்த்து அனுப்பினாள். பன்னிரண்டும் எரிந்தன. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி, "எண்ண முடியாதுக்கா, இதுல ஒரு கை" என்றாள். அவள் பேசிய ஒரே விளையாட்டுப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு அப்பா இல்லை. இரண்டு அண்ணன்கள். பெரியவர் கிராமத்தில் நிலத்தோடு, சின்னவர் திருப்பதியில் ஒரு ஹோட்டலில் வேலை. அம்மாவை இருவரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. மகளுக்கு முறை கிடையாது. கல்யாணமாகாத பெண், லேடீஸ் ஹாஸ்டலில் நாலு பேரோடு ஓர் அறையில் இருப்பவள்; பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும்போது அம்மா பெண்ணோடு போய் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அண்ணன்கள் கேட்டார்கள். அதனால் ஒன்றாம் தேதி ஆனால் அம்மாவை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் இவள் பங்கு.

ஒருநாள் என் ரயில் புத்தூரில் நின்றபோது, பிளாட்பாரத்து பெஞ்சில் அவள் அம்மாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இறங்கிவிட்டேன். சின்ன அண்ணி திருப்பதியிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான அம்மா, கண்ணாடி, நெற்றியில் ஒற்றைத் திருமண். இவள் ஒரு தாளைப் பிரித்து எழுந்து நின்றாள்.

"ஒரு அம்மா, ரெண்டு பை, பதினேழு விஷயம்" என்று ஆரம்பித்தாள்.

அம்மா குனிந்து சிரித்தார். அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாங்க இன்னா சந்தையில மாடு பிடிச்சிக்கினு போறோமா, எண்ணி ஒப்படைக்கிறதுக்கு?"

இவள் நிறுத்தவில்லை. காலையில் இன்சுலின் ஊசி எத்தனை அளவு, ஊசி போட்டு எத்தனை நிமிஷத்துக்குள் சாப்பாடு, எந்த மாத்திரை எந்த நேரம். வலது காதுப் பக்கம் பேச வேண்டும். மாத்திரையை விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். டீயில் சர்க்கரை இல்லையென்றால் சண்டை போடமாட்டார், பக்கத்து வீட்டில் போய்க் குடித்துவிட்டு வருவார். "பதினேழாவது. கோவம் வந்தா துன்ன வரமாட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை கூப்புடணும். ரெண்டாவது தடவை வந்துருவாங்க." அண்ணி தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கோபப்பட்டாலும் வீட்டுக்குப் போனதும் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பவர்தான் அவர். நல்ல மனுஷி. அவரைப் பற்றி யாரும் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

அடுத்த ரயிலில், அம்மாவும் அண்ணியும் தள்ளி உட்கார்ந்த பிறகு அவளிடம் கேட்டேன், எதற்கு இவ்வளவு என்று. "எங்கம்மா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டாங்கக்கா. மருமக கொடுத்தா துன்னுவாங்க, ஊசி போட்டா கையை நீட்டுவாங்க. எங்க நைனா இருந்தப்ப எங்க வூட்டுல அவங்க எவ்ளோ பெரிய ஆளு தெரியுமா? இப்ப ரெண்டு அண்ணனுங்களும் போன்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணு, இந்த மாசம் அம்மா யார் வூட்டுலன்னு." பிறகு சொன்னாள்: "எங்கிட்டயும் அம்மா இல்லக்கா. அம்மா இருக்குற விலாசம்தான் இருக்குது."

அதனால்தான் அவள் வீடு தேடினாள். கிடைத்தால் ஊர் பேசுவதைப் பேசட்டும், அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். தனியாக இருக்கும் பெண் என்றதும் கதவைச் சாத்தியவர்கள் நிறையப் பேர். கடைசியில் சந்திரகிரியில் கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு வீடு கிடைத்தது. நானும் கூடப் போனேன். கீழ்த்தளம், வாசலில் ஒரே ஒரு படி. வீட்டுக்கார அம்மாள் தெலுங்கில், "எந்தமந்தி?" என்று கேட்டார். எத்தனை பேர் என்று கேட்டால் அவள் தயங்குவாளா? "இத்தரம்" என்றாள், நாங்கள் இரண்டு பேர். இதற்கு முன்னும் பின்னும் அவள் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. ஐப்பசி முதல் தேதி குடிபோவதாகப் பேசி, முன்கூட்டியே சாவி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கழுவித் துடைத்து வைத்தாள். குளியலறையில் அம்மா பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடச் செய்தாள்.

நான் சொன்ன யோசனை இதற்கு நடுவில் வந்தது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து அந்தத் தாளைக் கையால் நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். மாதா மாதம் இதே வேலை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி நீ, கோடு எழுதுறவ, காலம் பூரா காப்பி எழுதிக்கினு இருக்க? டாக்டர் ஒண்ணை மாத்தினா பழைய காப்பி எல்லாம் தப்பு. ஒரே இடத்துல ஷீட்டா போட்டு வை. எல்லாருக்கும் லிங்க்கை அனுப்பு. நீ ஒரு இடத்துல மாத்தினா எல்லாருக்கும் மாறிடும்."

அவள் யோசித்தாள். "எல்லாருக்கும் தொறக்குமாக்கா?"

"தொறக்கும், நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

என் லேப்டாப் திறந்திருந்தது. என் கணக்கிலேயே ஷீட்டை உருவாக்கினேன். அவளுக்கும் அனுமதி கொடுத்தேன், பெரிய அண்ணன் மகளுக்கும் கொடுத்தேன், ஏனென்றால் அடுத்த மாதம் அந்த வீட்டு முறை. இரண்டு போனிலும் திறந்தது. சின்ன அண்ணியின் மெயில் அப்போது அவளுக்கு ஞாபகம் இல்லை. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். பிறகு சேர்க்கவில்லை. கையில் இருந்தவை எரிந்ததும் எல்லாம் சரி என்று இரண்டாவது தடவையும் முடிவு செய்தேன்.

அந்த மாதம் பெரிய அண்ணன் வீட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. அதற்குள் புரட்டாசி பிறந்தது. ஊசி போட ஆரம்பித்த பிறகு வந்த முதல் புரட்டாசி. அம்மா சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர். பூஜை முடிந்து மதியம்தான் சாப்பிடுவார். டாக்டரிடம் கேட்டு, ஷீட்டில் பதினெட்டாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: 'சனிக்கிழமை காலையில் ஊசி கிடையாது. பூஜை முடிந்து சாப்பிட உட்காரும்போதுதான்.' அந்த வீட்டில் பார்த்துச் செய்தார்கள். சனிக்கிழமைகள் தொந்தரவில்லாமல் போயின.

அக்டோபர் ஒன்றாம் தேதி சின்ன அண்ணன் முறை. அந்த வாரம் அவளுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் போர்டு மாட்டும் வேலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புத்தூர் பிளாட்பாரத்தில் அம்மாவையும் பைகளையும் அண்ணியிடம் விட்டு, "எல்லாம் லிங்க்குல இருக்குது அண்ணி, அனுப்பியிருக்கேன்" என்று சொல்லி ஓடினாள். தாள் இல்லை. எண்ணவும் இல்லை.

அண்ணிக்குத் தெரிந்தது பதினேழு. ஆகஸ்டில் ஒட்டிய தாள் ஃப்ரிட்ஜ் கதவிலேயே இருந்தது. சனிக்கிழமை காலை அம்மா குளித்து நாமம் போட்டு வந்து உட்கார்ந்ததும், இன்றைக்கு ஊசி போடலாமா என்று அண்ணிக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவைக் கேட்டார். "உன் இஷ்டம்மா" என்றிருக்கிறார். அண்ணி லிங்க்கை அழுத்தினார், திறக்கவில்லை. அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினார். இவளுக்கு போன் செய்தார். தொழிற்சாலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மணி அடித்து அடித்து நின்றது. அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு, பூஜையைச் சீக்கிரம் முடித்துச் சாப்பாடு போட்டுவிடலாம் என்று நினைத்து, தாளில் இருந்தபடி ஊசியைப் போட்டார்.

அந்த அரை மணி நேரம் நான் ரயிலில் இருந்தேன். என் போனில் ஒரு மெயில் வந்து நின்றது. யாரோ ஏதோ கோப்பைப் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். கேட்டவர் பெயர் ஒரு வீடியோ கேமில் வரும் பெயர் மாதிரி இருந்தது. அண்ணியின் மகன் தன் அம்மாவுக்காக உருவாக்கிக் கொடுத்த மெயில் என்று பிறகு தெரிந்தது. குப்பை என்று நினைத்து விரலால் ஒதுக்கித் தள்ளினேன். உட்கார இடம் கிடைத்திருந்தது, தூக்கம் வந்தது. தூங்கிவிட்டேன்.

பூஜை முடிந்து அண்ணி இலை போட்டுவிட்டு வந்தபோது, அம்மா சுவரில் சாய்ந்து தூங்குவதைப் போல இருந்தார். கூப்பிட்டார். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டார். தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

வெறும் வயிற்றில் போட்ட ஊசியில் சர்க்கரை அடியோடு இறங்கிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். கண் திறக்கவே இல்லை. உடலை வாங்கும்போது நான் அவள் பக்கத்தில் நின்றேன். சிப்பந்தி ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் உள்ளே பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். நான்தான் வாங்கிப் பார்த்தேன். ரெண்டு கம்மல், ஒரு கண்ணாடி, ஒரு துளசி மாலை.

ஒரு மாதம் கழித்து வேலையை விட்டாள். ஓசூர் பக்கம் ஏதோ கம்பெனி என்றாள். கடைசி நாள் தன் மேசையைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் என் முன்னால் வரிசையாக வைத்தாள். "நாலு போர்டு, பதினோரு ஃபைல், ரெண்டு சாவி. பெரிய சாவி ஷெல்ஃபோடது. சின்னது சந்திரகிரி வூட்டோடது, அந்தம்மாகிட்ட கொடுத்துடுக்கா. எனக்கு அங்க போவ முடியல."

அதுவரை முப்பது நாள் எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்து விழுங்கியதை அப்போது சொன்னேன். "அன்னிக்குக் காலையில அந்த மெயில் எனக்குத்தான்..."

"தெரியும்க்கா" என்றாள். "ஏழு பதினாலு. அண்ணி போன்ல பாத்தேன். பெர்மிஷன் கேட்டா ஓனருக்குத்தானே போவும். ஓனர் நீதானே."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ இன்னாக்கா சொல்லுவ?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எண்ணாம கொடுத்தது நான். லிங்க்குல இருக்குதுன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். எங்கம்மா அதைக் கேட்டுக்கினுதான் உக்காந்துருந்தாங்க. நீ இதெல்லாம் சரியா இருக்குதான்னு எண்ணிப் பாத்துக்கோ."

என் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். நாலு போர்டு, பதினோரு ஃபைல், ரெண்டு சாவி, எல்லாம் சரியாக இருந்தன. எண்ணி முடித்து நிமிர்ந்தபோது மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் இல்லை. ஓசூர் விலாசத்தை அவள் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த மெயில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அனுமதிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

அவள் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்திரகிரிக்குப் போனேன். வீட்டைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கார அம்மாள் வாசலில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். "இத்தரு அன்னாரு கதம்மா?" என்று கேட்டார். ரெண்டு பேர் வருவதாகத்தானே சொன்னீர்கள் என்று.

நான் சாவியை அவர் கையில் வைத்தேன்.

"ஒரு சாவிம்மா" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல."